பத்து ஐம்பது வண்டி

மட்டாஞ்சேரி,
9.11.2025, ஐப்பசி 23, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஹரிஷங்கருக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் பகவான் கிருபையில் சௌக்கியம். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்ற எண்ணத்தோடுதான் இங்கே எங்கள் பொழுது விடிகிறது. ஐப்பசியின் துலாவர்ஷ மழை பிற்பகல் மூன்று மணிக்கே இறங்கிவிடுவதால் மாடியில் துணி உலர்வதில்லை. சுள்ளிக்கல் அத்தைக்கு முழங்கால் வலி சற்றுத் தேவலை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். ஆகவே எழுதுகிறேன். பக்கத்துக் கடை ஷாஃபி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

விஷயம் ரயில் டிக்கெட். டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, நாங்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானத்தை விட்டு இறங்கி, உன் ஊருக்கு வர 10.50 வண்டியில் முன்பதிவு செய்து அனுப்பினாய். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். வீட்டைவிட்டுப் புறப்படும் நேரம்தானே முக்கியம் என்றாய். புதிய மண்ணில் முதல் பயணம் என்பதால் நான் இணங்கவில்லை. முந்தைய வண்டியில் ஏறுகிறோம் என்றதற்கு, முன்கூட்டி வாங்கிய சலுகை டிக்கெட் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும், வேறெதில் ஏறினாலும் டிக்கெட் இல்லாதவர்கள்தாம் என்றாய். அப்படியானால் பயணத்தையே சித்திரைக்குத் தள்ளிவிடலாம் என்று நவம்பர் 2ஆம் தேதி நான் சொன்னபோது, "சரிப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நீ வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். அந்த "சரிப்பா" ஒரு வாரமாக இந்த வீட்டிலேயே இருக்கிறது.

உன் அம்மா காபியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். வியாழனன்றுதான் வாய் திறந்தாள். "ஏன்னா, அந்த ஊர்ல சூரியன் எப்போ உதிக்கறதுன்னு பாத்தேளா? மட்டாஞ்சேரி ராகு விசா எடுத்துண்டா வரப்போறது?" என்றாள். கேலிதான்; ஆயினும் நியாயம். ராகு காலம் அந்தந்த ஊர் உதயத்திலிருந்து கணக்கிட வேண்டியது. காலண்டரில் அச்சிட்டிருப்பது ஆறு மணி உதயத்துக்கு. அங்கே அன்று உதயமே எட்டு மணிக்கு மேல். பகலை எட்டாகப் பகுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குரிய நாலாம் பாகம் பதினொன்று பதின்மூன்றுக்குத்தான் தொடங்குகிறது. உன் வண்டி அதற்குள் கிளம்பிவிடும். இதைச் சொன்னேன், அவளோ, "கணக்கு சரியா வரலைன்னாலும் நான் அந்த வண்டியிலதான் போவேன், நீங்க பஞ்சாங்கத்தோட சித்திரையில வாங்கோ" என்று நேந்திரங்காய் வறுக்கப் போய்விட்டாள்.

டிக்கெட்டை மூன்று பிரதி அச்செடுக்க ஷாஃபியிடம் கொடுத்தேன். "போன்ல காட்டினாப் போதும் ஸ்வாமி" என்று சிரித்தவன், வண்டி அரைமணி லேட்டாகி ராகு காலத்தில் கிளம்பினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டான். அவனிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உனக்குச் சொல்கிறேன்: லேட்டானாலும் ஏறிவிடுவேன்.

2022 ஆகஸ்ட் 21ஆம் தேதி உன்னை நெடும்பாசேரி விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி. அதற்கு முன் கல்லூரிக் காலம் முழுவதும் எறணாகுளம் சௌத்தில் உன்னை வண்டி ஏற்றிவிட்டு, கடைசிப் பெட்டி மறைந்தபின் தனியே பஸ் பிடித்து வந்திருக்கிறேன். ஏற்றிவிட்டுத் திரும்புவதே என் பழக்கம். இறங்கி உன்னிடம் வருவது இதுதான் முதல் தடவை. ஆகையால் எனக்கு அதில் கொஞ்சம் பதற்றம் உண்டு.

டிக்கெட் அப்படியே இருக்கட்டும். உனக்குச் சகல மங்களமும் உண்டாகட்டும். மறவாமல் ஒன்று செய்: எங்கள் பெட்டி 24, அது நிற்கும் இடத்தை முன்பே விசாரித்து அங்கேயே நில். அந்த ஊரில் எல்லோரும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக இருப்பார்கள் என்று படங்களில் பார்த்தேன். குளிரெடுத்தாலும் பரவாயில்லை, வண்டி நுழையும்போது ஒரு நிமிஷம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்.

உன் அப்பா,
அனந்தநாராயணன்