கல்லில் இருந்த பெயர்

உத்திரமேரூர்
3.11.1997

பிரியமுள்ள அன்வருக்கு, கௌஸ் சொல்லச் சொல்ல சுந்தரவரதன் ஐயா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முப்பத்தாறு வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். சந்தைக்கு வந்த உன் மருமகனிடம் விலாசம் வாங்கினேன். ஆம்பூரில் உன் மெத்தைக் கடை நன்றாக ஓடுகிறதாமே, சந்தோஷம். எனக்கு முட்டிவலி. மகள் நஜீமாதான் பார்த்துக்கொள்கிறாள்.

நம் பழைய பள்ளிவாசலையும் அதை ஒட்டிய மதரசாவையும் பற்றிப் புத்தகம் போடப்போகிறார்கள். காலேஜிலிருந்து இரண்டு பேர் டேப்ரிக்கார்டரோடு வந்து, யார் கட்டியது என்று கேட்டார்கள். எப்போதும் சொல்வதைச் சொன்னேன். பிறகு என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்கள். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். டீ கொண்டுவந்த முனியன், "இன்னா சாய்பு, உன் குரலக் கேட்டு நீயே பயந்துக்கினியா?" என்று சிரித்தான்.

ஒருமுறை வந்து போ. நேரில் சொல்ல ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு
கௌஸ் (இடது பெருவிரல் ரேகை)


ஆம்பூர்
12.11.1997

அன்புள்ள கௌஸுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உன் பெயரைப் பார்த்ததும், "டேய், உயிரோடதான் கீறியா?" என்று கத்திவிட்டேன். பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வர ஆசைதான். ஊருக்குள் நுழையக் கூச்சமாக இருக்கிறது. பள்ளியைக் கட்டியவர் எங்கள் மூதாதை, பஞ்சு கொட்டுகிற பீர் அகமது. பள்ளியை ஒட்டிய அடக்கஸ்தலத்தில் கட்டியவர் வம்சத்துக்கென்று விட்ட வரிசையில் என்னை அடக்குங்கள் என்று சொல்லிவிட்டுத்தானே அத்தா கண்ணை மூடினார்? ஜமாத் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது. பள்ளிச் சுவரில் இருந்த கல்லில் எழுதியிருந்ததைப் படிக்கக் காதால் கேட்டவர்களில் மிச்சம் நீ ஒருவன்தான். அந்தப் பெயர் இல்லை என்றாய். நான் எல்லார் முன்னாலும் நின்று, "எங்க அத்தா பொய் சொல்ட்டாரு, மன்னிச்சிடுங்க" என்றேன். மய்யித்தை ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் அடக்கினோம். அந்த வெட்கத்தில்தான் ஊரை விட்டேன். என் பிள்ளைகளிடம்கூடத் தாத்தாவைப் பற்றிப் பேசியதில்லை.

உன்மேல் வருத்தம் கிடையாது, கௌஸ். நீ உள்ளதைச் சொன்னாய்.

உன்
அன்வர்


உத்திரமேரூர்
20.11.1997

அன்வர்,

நான் உள்ளதைச் சொல்லவில்லை.

மதரசாவில் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அந்தக் கல்லின் மேலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் படித்த அன்று தண்ணீர் ஊற்றியவன் நான். எனக்கு எழுத்து ஏறவில்லை. ஆனால் காதில் விழுந்தது போகாது. பார்சி மொழியில் இருந்ததைப் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: 'பஞ்சு கொட்டும் பீர் அகமது, தன் கூலியில், தொழ ஒரு கூடமும் பிள்ளைகள் ஓத ஒரு கூடமும் எழுப்பினான்.' பிறகு ஹஜ்ரத் மௌத்தாகிவிட்டார். அடைமழையில் சுவர் விழுந்து கல்லும் தூளாகிவிட்டது.

உன் அத்தா மௌத்தான அன்று ஜமாத்துக்கு என் அத்தா தலைவர். சுல்தான் படையோடு வந்த எங்கள் குடும்பம் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் வாயைத் திறக்கும் முன் யாரோ, "பஞ்சுக்காரன் கட்ன பள்ளியிலயா நாம தொழுதுக்கினு கீறோம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு உண்மையைச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன்.

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ மன்னிப்புக் கேட்ட சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் காதிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஐயா பேனாவை மூடிவிட்டார். "இதை இத்தனை வருஷமா வயித்துல வச்சிண்டு எப்படி ஓய் சாப்பிட்டீர்?" என்றார். எழுதுங்கள் என்றேன்.

அந்த வரிசையில் எனக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று நஜீமாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கிறாள். நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

கௌஸ் (இடது பெருவிரல் ரேகை)


ஆம்பூர்
29.11.1997

கௌஸ்,

படித்தேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். பெரியவன், "அப்ப நீங்க ஏன் அவரை நம்பல?" என்று கேட்டான். உன்னை நம்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அத்தாவிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. உனக்கு ஜமாத் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று சொல். காலேஜ்காரர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய டேப் பெட்டியிலும் சொல். சிரிப்பார்கள். நின்று கேட்டுக்கொள்.

நான் வரமாட்டேன். இனி எனக்கு எழுதாதே.

நீ மௌத்தானால் நஜீமாவைப் போன் செய்யச் சொல். கடை நம்பர் உறையின் பின்பக்கம் இருக்கிறது. தோள் கொடுக்க வருவேன். அதற்கு முன் இல்லை.

அன்வர்