சமையலறை வழியே ஒரு சாலை

அன்பு மகள் நோஹெயாவுக்கு, மொலொகாய் தீவிலிருந்து அப்பா எழுதுவது. நான் நலம், நாயும் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், ஆகவே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன். லாஸ் வேகாஸில் வெயில் மண்டையைப் பிளக்கிறதாம், உன் அத்தை சொன்னாள். மதியத்தில் வெளியே நடக்காதே.

இங்கே நம் கடற்கரைச் சாலையை அலை பெரும்பாலும் தின்றுவிட்டது. நீர் ஏறும் நேரத்தில் லாரிகூட வராது. கடைசி வீட்டு லூகாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய அடிக்கடி கவுனகக்காய் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. போன மாதம் அவனை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சாலையை மேட்டுப்பக்கம் நகர்த்தலாம் என்று கவுண்டி நிர்வாகத்துக்காரர்கள் வரைபடத்தில் கோடு போட்டார்கள், கோடு நம் சமையலறை வழியாகவும் உன் அறை வழியாகவும் போனது. முடியாது என்று சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன். கவுண்டி மன்றம் கூடுவது மௌயி தீவில் என்பதால் நாலு வார்த்தை பேச நாம் கடல் தாண்ட வேண்டும். இங்குள்ள அலுவலகத்திலேயே திரை முன்னால் உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். திரையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, அதனால் நேரில் போனேன்.

அந்தச் சின்ன விமானத்தில் எடை கேட்டுத்தானே இடம் கொடுப்பார்கள், என் எடைக்குத் தோதாக லூகாவின் மனைவி ஹீலானியைப் பக்கத்தில் உட்காரவைத்தான் விமானி. அவள் வீட்டுப் பன்றி நம் சர்க்கரைவள்ளிப் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அன்றும் இரண்டு பேரும் விமானியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனோம்.

மன்றத்தில் அவளை முதலில் கூப்பிட்டார்கள். ரோடு வேண்டும் என்று அழுவாள் என்று நினைத்தேன். அவளோ என் பக்கம் கைகாட்டி, "கைபோ வீட்டை இடிச்சுப் போடுற ரோட்டுல என் புருஷன் போகமாட்டான். தண்ணி வடியுறவரைக்கும் காத்திருக்கோம், பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது நான். மனப்பாடம் செய்துபோனதை விட்டுவிட்டேன். "அந்தம்மா பேச்சைக் கேக்காதீங்க, சமையலறைக் கூரை எப்படியும் ஒழுகுது, எடுத்துக்குங்க" என்றேன். எதிர்த்துப் பேசத்தானே பெயர் கொடுத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். "ஆமா, இன்னும் எதிர்ப்புதான். ஆனா எடுத்துக்குங்க" என்றேன். எப்படிக் குறித்துக்கொண்டார்களோ தெரியவில்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது.

திரும்பும்போதும் அதே இடம்தான். "யாரைக் கேட்டுக் கொடுத்தே? உன் மககிட்ட கேட்டியா?" என்று ஹீலானி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், ஜன்னல் அவள் பக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கட்டில் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபம் இருந்தால் போன் செய்து திட்டு, ஹீலானி அளவுக்கு உன்னால் முடியாது.

மழைக்கு முன் மேட்டில் ஒரு சின்ன வீடு எழுப்பிவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். அடுத்த முறை வரும்போது பழைய வளைவில் திரும்பிவிடாதே, அங்கே கடல். புதுச் சாலையிலேயே வா. உன் அறை இருந்த இடத்தைத் தாண்டியதும் மேலே ஒரு விளக்கு தெரியும், அங்கே நிறுத்து.

உன் அப்பா,
கைபோ