தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டரம்மா

விழுப்புரம்
அக்டோபர் 1938

அண்ணா, அப்பா சொல்லச் சொல்ல லூர்துமேரி எழுதுகிறேன். திண்டிவனத்திலிருந்து வந்ததும் தோள் துண்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து, எழுது என்கிறார்கள்.

அன்பு மகன் ராயப்பனுக்கு, ரங்கூனில் நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டி அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் தங்கச்சியின் தொண்டையைத் தவிர. கோயிலில் சாமியார் இவள் கல்யாண அறிவிப்பை முதல் ஓலையாக வாசித்த அன்று மத்தியானமே பேச்சு நின்றுபோச்சு, வெறும் காற்றுதான் வருகிறது. சுக்கு, திப்பிலி எல்லாம் கொடுத்தாச்சு. உன் அம்மா வெள்ளியில் தொண்டை செய்து வேளாங்கண்ணியில் போடுவதாக நேர்ந்துகொண்டாள், தொண்டையை எந்தத் தட்டான் செய்வான் என்று கேட்டால் என் மேல் எரிந்து விழுகிறாள். இன்றைக்கு ரயிலேற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு இருமச் சொன்னார், இருமல் கணீரென்று வந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை, மனசில் இருப்பதுதான் குரலை மறிக்கிறது, வாரம் ஒருநாள் கூட்டிவாருங்கள், உட்காரவைத்துப் பேசுகிறேன் என்கிறார். பேச்சு வராதவளுக்குப் பேச்சே மருந்தாம், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. கிசுகிசுத்தாலும் போதும், நீங்கள் வெளியே இருங்கள் என்று என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். உள்ளே இவள் என்ன சொன்னாளோ, மாப்பிள்ளையைப் பற்றிப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா என்று திரும்பி என்னை விசாரிக்கிறார். கேட்க என்ன இருக்கிறது? மரியதாஸுக்கு மூத்த சம்சாரம் தவறி இரண்டு பிள்ளை இருப்பது ஊருக்கே தெரியும், மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம் செய்கிறான், சாராயம் தொடமாட்டான். பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோதுகூட இவள் வாய் திறக்கவில்லை, இப்போது மட்டும் என்ன வந்தது. பெரிய பேஜாரு, பெண் வாய்விட்டுச் சம்மதம் சொல்லாமல் தாலி கட்டவிடமாட்டேன் என்கிறார் சாமியார், தலையாட்டினால் செல்லாதாம். வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. மாப்பிள்ளை வீட்டில் ஊமைப் பெண்ணா என்று கேட்டனுப்பிவிட்டார்கள். நீ இவளுக்கு இரண்டு வரி புத்தி எழுது. கப்பல் தபால் வருவதற்குள் கல்யாணமே வந்துவிடும், ஆனாலும் எழுது.

ஆண்டவர் உனக்கு நிறைந்த ஆயுசு தரட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மறக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
சவுரிராயன்

இன்னொன்று, லூர்துமேரிக்கு இந்தக் கல்யாணத்தில் பூரண

அண்ணா, மேலே உள்ள வரியை அப்பா முழுசாகத்தான் சொன்னார்கள், நான் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு, எனக்கு இஷ்டம் இல்லப்பா என்றேன். யார் பேசினது என்று அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அவளுக்கும் ஒருதரம் சொன்னேன்.