டின்னில் நான் கலந்த எண்ணெய்

என் கண்ணே தொர்ரா,

அல்லாஹ்வின் அமைதி உன்மேல் இறங்கட்டும். நானும் முற்றத்துக் கோழிகளும் சுகம், அங்கே பனி குறைந்ததா, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள்கிறாயா என்று கேட்டுத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வெள்ளிக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன் அல்லவா, அடுப்பில் பாலே இல்லை. நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது சரியா பார். உன் ஆய்வுக்கூடத்தில் ஆளுயரப் பீப்பாய் போல ஒரு காந்தம், அதற்குள் பென்சில் கனக் கண்ணாடிக் குழாயில் எண்ணெயை இறக்கினால் அதில் உள்ளதெல்லாம் கூர்கூராகக் கோடாய் எழும்பும், கலப்படம் இருந்தால் சில கோடுகள் எழும்பக்கூடாத உயரத்துக்கு எழும்பும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஆலிவ் எண்ணெய் ஒன்று வேண்டும், அதற்கு நீ வைத்தது நான் அனுப்பிய டின். உன் காந்தத்தைப் பற்றி மட்டும் எதிர்வீட்டு மப்ரூக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், அவள் வாய் சும்மா இருக்குமா, "ஏன்டி ஸால்ஹா, எண்ணெயைப் போய் காந்தத்துல வைக்கிறாளே உன் பேத்தி, அது என்ன இரும்பா?" என்றாள். "அஞ்சாவது படிச்ச எனக்கே புரிஞ்சிருச்சு, உனக்கு ஏன்டி புரியல" என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

இப்போது அந்த டின்னே தப்பாகக் கோடு போடுகிறது, மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பச் செய்கிறாய், குழாயை நீ ஒழுங்காகக் கழுவவில்லை என்கிறார் உன் பேராசிரியர், இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேலையை வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவாராம். "மெஷின்ல தப்பில்ல பாட்டி, என் கையிலதான் தப்பு" என்றாய். உன் கையில் தப்பில்லை தொர்ரா, தப்பு என் கையில். இந்த வருடம் நம் ஆலிவ் மரங்களில் காய் பறிக்க யாரும் வரவில்லை, உன் மாமா குடும்பம் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லிக் கடைசியில் பிரான்சிலேயே தங்கிவிட்டது. காயை உருவும்போது விரல் கீறாமலிருக்க ஆட்டுக்கொம்பை உறைபோல மாட்டிக்கொண்டு கைக்கு எட்டிய கிளையை மட்டும் தனியாக உருவினேன், மேல்கிளைக் காயெல்லாம் மரத்திலேயே கறுத்துச் சுருங்கியது. செக்கில் கிடைத்தது நாலு லிட்டர்கூட இல்லை. நம் வீட்டு டின் மூடிவரை நிறைந்துதான் ஊர் தாண்டிப் போகும், குறைந்து போனால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று மளிகைக் கடையில் மானிய விலைக்குக் கிடைக்கும் சோயா எண்ணெயை ஊற்றி நிரப்பினேன். நீ சாப்பிடத்தானே போகிறாய் என்று நினைத்தேன், காந்தத்துக்குள் இறக்குவாய் என்று கண்டேனா.

உன் பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லியே நடந்ததைச் சொல், வெட்கப்படாதே. நான் மறைத்ததை உன் காந்தம் கண்டுபிடித்துவிட்டது, அப்படிப்பட்ட பீப்பாயை ஆளும் பெண் என் பேத்தி என்று எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மப்ரூக்காவின் மருமகன் வியாழக்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான், இந்தக் கடிதத்தோடு ஒரு குப்பியும் கொண்டுவருவான். முழங்காலுக்குத் தடவ, கலப்பதற்கு முன்பே எடுத்துவைத்த எண்ணெய் அது. காந்தத்துக்குப் பக்கத்தில் போகும்போது உன் கொண்டை ஊசியைக் கழற்ற மறக்காதே. அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும். குப்பியில் பாதிதான் இருக்கிறது. நான் நிரப்பவில்லை.

உன் பாட்டி,
ஸால்ஹா
மஹ்தியா