விறகுப்புரைக்குள் ஒரு கொடி

6.6.1999, ஞாயிறு

நாலு நாளாக மழை விடவில்லை. முன்வாசல் கொடியில் நேற்றைய விரிப்பு, வராந்தாக் கம்பியில் முந்தாநாள் விரிப்பு. இரண்டும் நனைந்த நாய் மாதிரி நாறுகின்றன. ஏப்ரலில் மாமனாருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரி படுக்கை நனைந்துவிடுகிறது. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை தினம் ஒரு விரிப்பு துவைத்தே ஆகவேண்டும். பின்பக்கம் முழுக்கப் பலாமர நிழல். வெயில் விழுவது தெருவைப் பார்த்த முன்வாசலில் மட்டும்தான். இந்த மாதத்தில் அதுவும் இல்லை.

அடுக்களைக்குப் பின்னால் விறகுப்புரை சும்மா கிடக்கிறது. காஸ் வந்த பிறகு அங்கே குடியிருப்பவை பல்லிகளும் என் வீட்டுக்காரருடைய பழைய சைக்கிளும்தான். அதைத் துணி துவைத்துக் காயப்போடுகிற அறையாக மாற்றினால் என்ன? வெயில் இல்லாமல் வெறும் காற்றில் துணி காயுமா? இவரிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது போக எங்கிட்ட என்ன இருக்கு, கொத்தனாரக் கூப்பிட?" என்றார்.

கொத்தனார் எதற்கு? நமக்குக் கை இல்லையா?

8.6.1999

விறகுப்புரையைக் காலி செய்தேன். மிச்ச விறகை மதிலுக்கு அப்பால் சுசீலாபாய் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தபோது தன் மலையாளத் தமிழில் கேட்டார்: "எந்தா செண்பகம், தினமும் கொடியில ஷீட்டு? வீட்ல சின்னக் குழந்த ஒண்ணும் இல்லல்லோ?"

"மழையில நாறுது அக்கா, அதான் திரும்பத் திரும்ப அலசுகேன்" என்று சமாளித்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா ஜன்னலருகே நாற்காலியில். காதில் விழுந்திருக்குமோ? முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. அரிசி மண்டியில் கணக்குப் பார்த்த ஆள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது.

12.6.1999

ஒரு விசித்திரம். மாமாவின் அறை ஜன்னலில் எறும்பு. சாரை சாரையாக வெளியே போகிறது. அறையில் இனிப்பு எதுவும் கிடையாது, பிஸ்கட்கூட இல்லை. எங்கேதான் போகின்றன?

13.6.1999, ஞாயிறு

ஆரியசாலையில் ஒரு பழைய கிடங்கை இடிக்கிறார்கள். நானும் இவரும் ஸ்கூட்டரில் போய்ப் பேரம் பேசி, நாலு கண்ணாடி ஓடும் மரச்சட்டம் போட்ட ஒரு வென்டிலேட்டரும் வாங்கினோம். திரும்பும்போது ஓடுகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். ஒன்றும் உடையவில்லை.

வந்ததும் இவர் ஏறிப் பழைய ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளை வைத்தார். விறகுப்புரைக்குள் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பல்லிகளும்தான்.

14.6.1999

மாமாவுக்குப் பரிசோதனை. மூத்திரம் கடுத்துப் போகிறதாம். "தண்ணி குடிக்கிறாரா? இப்படியே போனா மறுபடி அட்மிட் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். நான் அடித்துச் சொன்னேன்: காப்பி, மோர், தண்ணீர் எல்லாம் நேரத்துக்குக் கொடுக்கிறேன், கிளாஸ் காலியாகத்தான் திரும்பி வருகிறது. மாமா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாஸ் காலி. பிறகு தண்ணீர் எங்கே போகிறது?

16.6.1999

எறும்பு காட்டிக் கொடுத்துவிட்டது.

சந்தேகம் வந்து வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மழை படாத அந்த ஒரு முழச் சுவரில் பழுப்புக் கறை. முகர்ந்து பார்த்தேன். காப்பி. எறும்புகள் அதன்மேல் விருந்து நடத்திக்கொண்டிருந்தன.

உள்ளே போய், "மாமா, காப்பிய ஏன் ஜன்னல் வழியா ஊத்துறீங்க?" என்று நேராகக் கேட்டேன். அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"குடிச்சா நனையும். நனைஞ்சா நீ வாசல்ல போடுவ. தெருவுல போறவன் பூரா பாக்கான். நேத்து என் கூட்டாளி கோமதிநாயகம் வந்தான்லா, கொடியப் பாத்தான், பொறவு என்னப் பாத்தான். ஒண்ணும் கேக்கல்ல மக்களே. கேட்டிருந்தாக் கூடத் தேவல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு துணிக்காக உசிர விடுவாரா ஒரு மனுஷன்? ஆஸ்பத்திரியில டியூப மாட்டிக் கெடந்தது மறந்து போச்சா? அப்புறம் அடுக்களையில் வந்து அழுதேன். ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி கொடி கட்டினது யார்? நான்தானே. விரிப்பு காயுமா காயாதா என்றே யோசித்தேன். அது யாருடைய விரிப்பு என்று யோசிக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சிமெண்டு எவ்வளவு வேணும்?" என்றார்.

20.6.1999

தரை போட்டோம். நான் குழைக்க, இவர் பூச. தண்ணீர் கிணற்றுப் பக்கத்து ஓடைக்குப் போகிற மாதிரி சரிவு வேண்டும். கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது.

22.6.1999

தரை இறுகிவிட்டது. ஓர் எலுமிச்சம்பழத்தை நடுவில் வைத்தேன். அது யோசித்து, மெதுவாகப் புறப்பட்டு, நேரே அடுக்களைக்குள் வந்துவிட்டது. வேறு இடத்தில் வைத்தேன். மறுபடியும் அடுக்களை! இவர் பழத்தைத்தான் குறை சொன்னார்.

27.6.1999, ஞாயிறு

தரையைக் கொத்திவிட்டு மறுபடி போட்டோம். இந்தத் தடவை ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. மாமா அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். காப்பி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். ஊற்றுவதற்கு அங்கே ஜன்னல் இல்லை.

30.6.1999

எலுமிச்சம்பழம் ஓடைக்குப் போனது.

4.7.1999, ஞாயிறு

துவைகல்லை உருட்டி உள்ளே கொண்டுவந்தாயிற்று. நைலான் கொடியும் கட்டியாயிற்று. ஆனால் வெள்ளியன்று போட்ட விரிப்பு நேற்றும் காயவில்லை. வென்டிலேட்டரை மேலே பொருத்தியும் ஏன் இப்படி? சாம்பிராணித் தட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. அங்கேயே நின்று என்னைப் பார்த்தது.

காற்று வெளியே போக வழி வைத்தோம், உள்ளே வர? கிணற்றுப் பக்கச் சுவரில் கீழ்வரிசையிலிருந்து இரண்டு வெட்டுக்கல்லை இவர் பெயர்த்து எடுத்தார். புகை அசைந்தது, எழுந்தது, விரிப்பைத் தொட்டுக்கொண்டு வென்டிலேட்டர் வழியாகப் போயே போய்விட்டது. நான் கைதட்டினேன். "பூசை ஏதாவது நடக்குதா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து சுசீலாபாய் அக்கா கேட்டார். ஆமா என்றேன்.

6.7.1999

காலையில் போட்ட விரிப்பு சாயங்காலம் காய்ந்துவிட்டது. வெளியே அடைமழை!

முன்வாசல் கொடியை அவிழ்த்துச் சுருட்டி மாமாவிடம் கொடுத்தேன். அதை அவர் நாற்காலியில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார். கீழ்முனை வரை போய்த் திரும்பி நின்று வீட்டைப் பார்த்தார். மேல்முனைக்கும் போய்ப் பார்த்தார். பக்கத்துச் சந்தில் நுழைந்து மதில் மேலாக எட்டிக்கூடப் பார்த்திருக்கிறார், வேட்டியெல்லாம் பாசி.

உள்ளே வந்து குடையை மடக்கினார். "ஒண்ணும் தெரியல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "காப்பி இருக்கா மக்களே? அரக் கிளாஸ் போதும்."

9.7.1999

கோமதிநாயகம் மாமா வந்தார். அவரும் மாமாவும் முன்வாசலில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினார்கள். சிரிப்புச் சத்தம் அடுக்களை வரை கேட்டது.

18.7.1999, ஞாயிறு

மாமாவின் அறை ஜன்னலைத் துடைத்தேன். எறும்புகளைக் காணோம்.

நேற்று ராத்திரி மாமா மோரை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்று துவைக்க இரண்டு விரிப்புகள் கிடந்தன. பாடிக்கொண்டே துவைத்தேன்.