பொட்டில்லாமல் வந்த படம்

அண்ணாச்சி,

இன்று காலை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒருவன் ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தான். அந்த ஆவி வாசனையில் நின்றுவிட்டேன். இரண்டு ரயில் போய்விட்டது. எதற்கும் காத்திருக்காதவன் நான், உங்களுக்கே தெரியும்.

டிராம் நின்றுபோன வருஷத்து மழையில் தாராவியில் நம் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர். டிரங்குப் பெட்டிகளில் இருந்த குடும்பப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாயின. தாதரில் அச்சுக்கு பிளாக் எடுக்கும் கூடத்தில் எனக்குக் கேமரா வேலை. சந்து முனை இஸ்திரி வண்டியிலிருந்து கூப்பிட்டீர்கள்.

"ஏலே இஞ்சினியரு, அம்மாம்பெரிய கேமராவ வச்சிக்கிட்டு சோப்பு விளம்பரத்தயே எடுத்துக்கிட்டிருக்க. மிச்சமிருக்க படத்துலேர்ந்து நம்ம சனத்து மூஞ்சிய எடுத்து வையேன். வீட்டுக்கு ஒண்ணு, ஊர்ச் சங்கத்துக்கு ஒண்ணு."

துணி கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் படம் கேட்டு வாங்கிவந்தீர்கள். சுருண்ட படங்களைத் துணிக்கு அடியில் வைத்து இளஞ்சூட்டில் தேய்த்தீர்கள். உருகிவிடும் என்று கத்தினேன். "நைலான் சேலையே எங்கைல உருகல, போலே."

சறுக்கியது மாரியப்ப மாமா மனைவியின் படத்தில். கண்ணாடி உடைந்த படம். அத்தை இறந்ததிலிருந்து மாமா தினமும் வைத்த குங்குமம் நெற்றியிலிருந்து மூக்குவரை அப்பியிருந்தது. லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டால் சிவப்பெல்லாம் வெளுத்துவிடும். போட்டேன். முகம் பளிச்சென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா வெகுநேரம் பார்த்தார். "பொட்டு எங்கல? அவ பொட்டோட போனவ. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அவளத் தாலியறுத்தவளா ஆக்கிட்டியே."

"அது அழுக்கு மாமா" என்றேன்.

சாயங்காலத்துக்குள் விஷயம் சந்தெல்லாம் பரவி, ஆறு வீட்டார் படங்களைத் திருப்பிக் கேட்டார்கள். வேலையே நின்றுபோகும் நிலை. ஒன்றும் தெரியாத சனம் என்று உங்களிடம் எரிந்து விழுந்தேன். நீங்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள்.

"அழுக்கு எதுன்னு எனக்குத் தெரியும்லே. பொழுதன்னைக்கும் அதுலதான கெடக்கேன். இது அழுக்கில்ல. அந்த ஆளு வெரலு."

அடுத்த ஞாயிறு சிவப்புக் கண்ணாடி இல்லாமல் எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூக்குவரை கன்னங்கரேலென்று குங்குமம். தொழில்படி பார்த்தால் மட்டமான வேலை. நீங்களே கொண்டுபோனீர்கள். நான் வெளியே நின்றேன். "வந்துட்டா" என்று மாமா சொன்னது மட்டும் கேட்டது. அந்த ஆறு வீட்டுப் படங்களும் திரும்பி வந்தன.

போன மாதம் மதினி, மாலை போட்டு வைத்திருந்த உங்கள் படத்தைச் சங்கத்துக்காகக் கொண்டுவந்தார்கள். நெற்றியில் இல்லாமல் சந்தனம் இடது கண்ணை மறைத்து அப்பியிருந்தது. கைப்பழக்கம், பஞ்சை எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. அப்புறம்தான், "துடைக்கட்டுமா மதினி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. சின்ன மவ வச்சது. அவளுக்கு நெத்தி எட்டல."

அப்படியே எடுத்தேன். ஒற்றைக் கண்ணோடுதான் சங்கத்துச் சுவரில் இருக்கிறீர்கள். ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம், சின்னவளுக்கு எட்டவில்லை என்று சொல்கிறேன்.