உனக்குக் குளிருகிறது என்று சொன்ன ஞாயிறு

அக்கா,

இன்று காலை மறுபடியும் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தேன். பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஈரம் காயட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது நடு அறையிலிருந்து அந்த நெடி வந்தது. நீ பக்கவாதத்தில் படுத்திருந்த இரண்டு வருஷமும் இந்த வீட்டில் அடித்த நெடி. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடி, ஒரு ஊதுபத்தி கொளுத்தேன்" என்று கோணிய வாயால் குழறுவாய்.

வீட்டை விற்கிறோம். இதை உனக்கு நான்தான் சொல்லவேண்டும். ஐப்பசி மழையில் நீ போனாய். தை பிறந்ததும் பிரான்சிலிருந்து தம்பி பேசினான். "அவ்வளவு பெரிய வீட்டுல நீ ஒண்டியா என்னக்கா பண்ணப் போற?" என்றான். கெட்ட எண்ணமில்லை அவனுக்கு. அவன் பங்கை வாங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. சரி என்றுவிட்டேன்.

தரகர் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். "வர்றவங்களுக்கு இது அவங்க வீடுன்னு தோணணும்மா. நீங்க இங்க இருக்கறதே தெரியக்கூடாது." அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். கொடியில் துணி கிடையாது. சனி, ஞாயிறு மீன் கிடையாது. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட பீரோவுக்குள் ஒளித்து வைக்கிறேன். சில நாள் ஆபீசில் இருக்கும்போது போன் வரும். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பாயைச் சுருட்ட ஓடிவருவேன்.

நீ நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் இந்த வீட்டில் ஒரு நாற்காலியாவது காலியாகக் கிடந்திருக்குமா? தைக்க வந்த ரவிக்கைகள், நூல்கண்டுகள், பாதி படித்த பத்திரிகைகள். ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டிக் கொல்லையில் போட்டேன். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கொடுவா மீன் குழம்பு வைத்து, தட்டை என் முன்னால் நகர்த்தி, "முள்ளு பாத்துத் தின்னு" என்றாய். அவ்வளவுதான் நம் சமாதானம்.

கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த உன் படத்தையும் தரகர் விடவில்லை. "படத்தப் பாத்தா எப்ப செத்தாங்க, எங்க செத்தாங்கன்னு கேப்பாங்கம்மா. கழட்டி வச்சிடுங்க." ஆள் வரும்போதெல்லாம் உன்னைக் கழற்றிப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரும்பகரத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். நெல் விவசாயம். பெண்களின் படிப்புக்காக டவுனில் வீடு தேடுகிறவர்கள். நீ பிடித்து எழுந்திருக்க நான் சுவரில் பதித்த கம்பியை அந்தம்மா தொட்டுப் பார்த்தார்.

"இது யாருக்குங்க?"

"எங்க அக்காவுக்கு."

"அவங்க எங்கங்க இப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார். "பிரான்சுல தம்பி வீட்டுக்குப் போயிருக்காங்க."

"சௌரியமா இருக்காங்களா?" அந்தம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இருக்காங்க. குளிருதான் தாங்க முடியலையாம். மீனும் நல்லாயில்லையாம்" என்றேன்.

அதைத் தரகர் சொல்லிக் கொடுக்கவில்லை, அக்கா. நானே சொன்னேன்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அடுத்த வாரம் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்பே அந்தம்மா தனியாக பஸ் ஏறி வந்து, நடு அறையில் வைத்து, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். "நாரத்தங்கா ஊறுகாங்க. யாராச்சும் பிரான்சுக்குப் போனா அக்காவுக்குக் குடுத்து விடுங்க. நாக்கு செத்துப் போயிருக்கும் பாவம்."

பாட்டிலை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அக்கா செத்துப் போயிட்டாங்கங்க. இந்த ரூம்லதான்" என்றேன்.

அவர் உன் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்க மாமியாரும் வீட்டுலதான் போனாங்க. அது ஒண்ணுமில்லைங்க. ஆனா அன்னைக்கு எவ்வளவு லேசா சொன்னீங்க! இனிமே நீங்க சொல்ற எத நான் நம்புறது?"

ஊறுகாயை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டையும் வாங்கவில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ற, வந்தவங்களையும் வெரட்டிட்டியே" என்று தம்பி சலித்துக்கொண்டான். ஒரு மாதம் தரகர் இந்தப் பக்கமே வரவில்லை.

இன்றைக்கு ஒருவரை அழைத்து வந்தார். கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரும்மா. இடிச்சுட்டுத்தான் கட்டப் போறாரு" என்றார். வந்தவர் உள்ளே கால் வைக்கவில்லை. தெருவில் நின்றபடியே அகலத்தை அளந்துகொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஆனியில் பதிவு. பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு மாடி அறை பார்த்தாயிற்று.

இதை எழுதியது வீட்டைப் பற்றிச் சொல்ல மட்டுமல்ல. வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அந்தம்மாவிடம் பொய் சொன்னேனே, அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. நெஞ்சு லேசாகி, இன்னும் கொஞ்சம் சொல்லலாமா என்றிருந்தது. ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறாய், தம்பி மகளைத் தமிழில் அதட்டுகிறாய் என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. அந்தம்மாவின் முகத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனாலும் அந்தப் பொய்யை என்னால் விட முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம், குளிருவதற்கு உனக்கு ஒரு உடம்பு இருந்தது.